எள்ளலும் பேதைமையும்: இணையக் கேலிப்படங்கள் பற்றிச் சில கருத்துக்கள்

இலக்கியம் என்று எவரும் ஏற்றுக்கொள்ளாத ஒன்றைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுத முற்படுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்பே நாம் எடுத்துக்கொண்ட பொருளாதலின் அதனை நாம் பெரிதுபடுத்தவில்லை. கைத்தொலைபேசித் திரையிலே கணப்பொழுது தோன்றி மறையும் கேலிப்படங்களை, மீம் என்று இளைஞர் வழங்குவனவற்றை, எமது ஆசிரியர்களுட் பெரும்பாலோர் மாணாக்கரின் படிப்பைக் கெடுக்கும் சில்லறை விவகாரமாகவே கருதுகின்றனர். நாமும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்தை மாற்றியவன் எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனாவான்.

தடுப்பூசி பற்றிய கட்டுரையொன்றை வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த வேளையில் மாணவி ஒருத்தி எழுந்து, முற்காலத்தவர் ஊசியும் மருந்துமின்றியே தொண்ணூறு வயதுவரை திடகாத்திரமாக வாழ்ந்தனர் என்றும், தனது பூட்டனாரே அதற்குச் சான்று என்றும் கூறினாள். மற்றொரு மாணவன் மறுமொழி எதுவும் கூறாது கரும்பலகைக்குச் சென்றான். மேலிருந்து நோக்கினாற் தோன்றும் ஆகாயவிமானம் ஒன்றை வரைந்து, அதன் இறக்கைகளிலும் வாலிலும் நடுவுடலிலும் சிவப்புச் சுண்ணக்கட்டியாற் புள்ளிகள் இட்டுவிட்டுத் தனது இடத்திற் போய் அமர்ந்தான். வகுப்பிற் பாதி சிரித்தது. அந்த மாணவியும் சற்றே யோசித்துப் பின்னர் தானும் சிரித்தாள். எதுவும் விளங்காது நின்றவர் நாம் மட்டுமே.

அப்படத்தின் வரலாற்றை அன்று மாலை தேடி அறிந்தோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளிவிபர ஆய்வுக் குழுவில் ஆபிரகாம் வால்ட் என்னும் கணித அறிஞர் பணியாற்றினார். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1938 இல் வியன்னாவை விட்டு அமெரிக்கா சென்ற யூதர் அவர். குண்டுவீச்சு விமானங்களின் எப்பகுதிக்குக் கவசம் இடுவது என்பது அன்றைய வினா. திரும்பி வந்த விமானங்களில் எங்கே துளைகள் மிகுந்துள்ளனவோ அங்கே கவசம் வேண்டும் என்று சாதாரண அறிவு கூறும். வால்டின் ஆய்வு நேர்மாறான விடையைத் தந்தது. துளைபட்டும் பறக்க முடிந்த விமானங்களே கண்முன் நிற்கின்றன. இயந்திரத்தில் அடிபட்டவை திரும்பவேயில்லை. ஆகவே, துளை காணப்படாத இடமே கவசம் வேண்டிய இடம். மாணவியின் பூட்டனார் திரும்பி வந்த விமானம். அம்மையாலும் வாந்திபேதியாலும் ஐந்து வயதிற்குள் மாண்ட குழந்தைகள் தொண்ணூறு வயதிற் சாட்சி சொல்ல வருவதில்லை. இவ்வளவையும் ஒரு சொற்கூட இல்லாமற் புள்ளியிட்ட படம் கூறிவிட்டது.

இடைப்பிறவரலாக இரண்டு செய்திகள். விமானங்கள் தப்புவதைக் கணக்கிட்ட அவ்வறிஞர், 1950 டிசெம்பரில் இந்தியாவிற் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மாண்டார். மற்றது, இணையத்தில் உலவும் அப்படம் வால்ட் வரைந்ததன்று. அவர் எழுதியவை கணிதக் குறிப்புக்கள்; படமோ பன்னெடுங் காலத்தின் பின் விளக்கத்திற்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டது. ஆயினும் யுத்தகாலத்து ஆவணமென்றே அதனைப் பலரும் பகிர்கின்றனர். பிழையான முடிவுகளைக் கண்டிக்கும் படத்தின் முதுகிலேயே ஒரு பிழையான வரலாறு ஏறிப் பயணஞ் செய்கின்றது!

மீம் என்னும் சொல்லை 1976 இல் ரிச்சர்ட் டோக்கின்ஸ் என்ற உயிரியலாளர் வேறொரு கருத்தில் ஆக்கினார். இன்று அச்சொல்லாற் குறிக்கப்படும் வடிவம் எமக்கு முற்றிலும் புதியதன்று. ஆசிரியர் பெயர் இல்லை. பலர் கைபட்டு மாறுகின்றது. ஒரே சட்டகம் பல சந்தர்ப்பங்களுக்குப் பொருந்துகின்றது. பழமொழிக்கும் விடுகதைக்கும் நாட்டார் பாடலுக்கும் உரிய இலக்கணமும் இதுவே. ஆதலின் நாட்டார் இலக்கியத்தை மதிப்பிடும் பொறுப்புணர்ச்சியுடன் இதனையும் மதிப்பிடுதல் தகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். மடம் என்பதற்கு உரைமரபு தரும் விளக்கம், பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் என்னும் கருத்தினது. வட்ஸ்அப் யுகத்தை நேரிற் கண்டு எழுதியது போல அல்லவா இருக்கின்றது! இந்நான்கனுள் எள்ளல் என்பது எள்ளுபவனுடைய செயல். பேதைமையும் மடமும் நகைக்கப்படுபவனிடம் உள்ள நிலைகள். பொய்ச் செய்தியையும் பிழையான நியாயத்தையும் கேலி செய்யும் படங்கள் இரண்டு வழியாலும் சிரிப்பை எழுப்பக்கூடும். பிழையான நியாயத்தைப் பிடித்து எள்ளலாம். அல்லது அதனை நம்பிய பேதையைக் காட்டிச் சிரிக்கலாம். இவ்விரண்டும் ஒன்றென நம்மவர் மயங்குகின்றனர். அவை ஒன்றல்ல என்பதே எமது வாதம்.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2014 இல் டைலர் வீகன் என்ற அமெரிக்கச் சட்டக்கல்லூரி மாணவர் வெளியிடத் தொடங்கிய வரைபடங்களாகும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 2000 முதல் 2009 வரை நிகழ்ந்த மணமுறிவு வீதத்தையும், அந்நாட்டில் ஆளொருவர் உண்ட மாஜரினின் அளவையும் அவர் ஒரே படத்தில் இரண்டு கோடுகளாக வரைந்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே இறங்குகின்றன. புள்ளிவிபரவியலார் இணைபு என்று கூறும் அளவு 99.26 சதவீதம்! எண்கள் பொய்யல்ல, அவை அரசாங்க அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கணக்கும் பிழையன்று. ஆனால் மாஜரின் தின்பதைக் குறைத்தாற் குடும்பம் பிரியாது என்று எவரும் சொல்லார். மெய்யான எண்களைக் கொண்டே பொய்யான முடிவை எத்துணை கம்பீரமாக நிலைநாட்டலாம் என்பது அங்கே வெளிப்படுகின்றது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று எமது முன்னோர் ஒரு வரியிற் கூறியதும் இதனையே. ஆயினும் பனம்பழக் கதையிற் காகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். வீகனின் படத்திலோ, கோடுகளை நோக்கிய முதற் கணத்தில் “ஏதோ தொடர்பு இருக்கத்தான் வேண்டும்” என்று எண்ணிய எமது மூளையைப் பார்த்தே நாம் சிரிக்க வேண்டியவராகின்றோம். இச்சிரிப்பிற்கு இலக்கு வெளியில் இல்லை.

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைப் பல்கலைக்கழகத்திற் படித்தவர்கள், பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்ற வகைகளை மனப்பாடஞ் செய்து பரீட்சையில் ஒப்புவித்திருப்பர். நாமும் அவ்வாறே செய்தோம். அந்த ஏதுப் போலி எமது வாழ்க்கையில் எங்கே நடமாடுகின்றது என்று எந்த விரிவுரையிலும் நாம் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை. தருக்கத்தின் போலிகளைக் காவியத்தினுள்ளே வைத்துப் பாடிய மொழியினர், அதனைப் பாடத்திட்டத்திற்குள் அடைத்துப் பூட்டிவிட்டோம். பூட்டிய அறைக்கு வெளியே, பெயர் தெரியாத பையன்கள் அதே வேலையைச் சித்திரமாகச் செய்துகொண்டிருக்கின்றனர்.

2005 இல் கன்சாஸ் மாநிலக் கல்விச் சபைக்கு பொபி ஹென்டர்சன் என்னும் இளைஞர் எழுதிய பகிரங்கக் கடிதத்தையும் இங்கு குறிப்பிடலாம். உயிரினக் கூர்ப்புக் கொள்கைக்கு நிகராகப் படைப்புக் கொள்கையின் புதிய வேடமொன்றையும் விஞ்ஞான பாடத்திற் சேர்க்க அச்சபை முயன்றுகொண்டிருந்தது. கடற்கொள்ளையர் தொகை குறையக் குறைய உலகின் வெப்பம் கூடியதென ஒரு வரைபடத்தை ஹென்டர்சன் காட்டினார். அவ்வரைபடத்தின் அடிக்கோட்டை ஊன்றிப் படித்தல் வேண்டும். 35,000 இற்குப் பின்னர் 45,000 வருகின்றது, பின்னர் 20,000, இறுதியில் 17. எண்களின் ஒழுங்கே குழம்பிக் கிடக்கின்றது. வரைபடம் என்றவுடன் வணங்கி நிற்பவர் அதனைக் காணமாட்டார். செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று செய்யுளியல் வகுத்த இரண்டனுள் இது பழிகரப்பிற்கு உரியது. அதிகாரத்திலுள்ள சபையொன்றின் நியாயத்தை அதன் நடையிலேயே திருப்பிக் கூறி, அச்சபை தன்னைத்தானே காணுமாறு செய்தமையே இதன் சிறப்பு.

எல்லா எள்ளலும் இவ்வாறு அமைவதில்லை. தண்ணீரை “இருஐதரசன் ஓரொட்சைட்டு” என்று இரசாயனப் பெயரால் அழைத்து, “இது மூச்சினுட் சென்றால் மரணம்; இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்; புற்றுநோய்க் கட்டிகளிலும் காணப்படுகின்றது; இதனைத் தடைசெய்வீர்” என்று மனுத் தயாரிக்கும் விளையாட்டைப் பலர் அறிவர். 1997 இல் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவன் ஒருவன் 50 சக மாணவர்களிடம் இதனைக் கொடுத்தபோது 43 பேர் தடைக்கு வாக்களித்தனர். 2004 இல் கலிபோர்னியாவின் அலிசோ வியெஹோ நகரசபையே இக்கேலியை மெய்யென நம்பி, நுரைப்பிளாத்திக்குக் குவளைகளைத் தடைசெய்யும் தீர்மானம் ஒன்றின் விளிம்புவரை சென்றது. அம்மாணவனின் நோக்கம் உயர்ந்தது. மெய்யான கூற்றுக்களைத் தெரிந்தெடுத்து அடுக்குவதாலேயே ஏமாற்ற முடியும் என்பதை அவன் காட்டினான். ஆயின் இன்று அக்கேலி எங்கே பயன்படுகின்றது? தமது காற்றிலும் நீரிலும் கலந்தது என்ன என்று வினவும் மக்களை நோக்கி, “இவர்கள் தண்ணீருக்கே அஞ்சும் மூடர்கள்” என்று சிரிப்பதற்கும் அது பயன்படுகின்றது. அங்கே எள்ளல் இறந்து பேதைமைச் சிரிப்புப் பிறக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அச்சிரிப்பிற் கலந்துகொள்ள எம்மால் இயலாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது என்று மக்கள் கூறியபோது, அது வெறும் பீதி என்றவர்களும் இருந்தனர். தனியார் அனல்மின் நிலையமொன்றே காரணம் எனக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் கட்டளையிட்டது. இரசாயனப் பெயர்களை அறியாத மக்களின் அச்சம் அறியாமையாக இருக்கலாம், அனுபவமாகவும் இருக்கலாம். எது எது என்று ஆராயாமற் சிரிப்பவன் கேலி செய்வது பிழையான நியாயத்தையன்று. கல்வி கிட்டாத மனிதனையே.

இதனினும் பரவலான ஒன்று “வட்ஸ்அப் பல்கலைக்கழகம்” என்ற கேலி. இந்தியாவிற் பிறந்து இங்கும் வேரூன்றிய சொற்றொடர் அது. வைகறையில் எழுந்து, மஞ்சளில் ஆயிரம் மருந்து என்றும், நாசா வியந்த கோயில் என்றும், இதனைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவன் தமிழனல்லன் என்றும் அனுப்பிக்கொண்டிருக்கும் பெரியப்பா ஒருவர் அப்படங்களில் நிலையான பாத்திரமாகிவிட்டார். இந்தியத் தேசிய கீதத்தை உலகிற் சிறந்தது என யுனெஸ்கோ அறிவித்ததாக உலவிய கதையை அந்நிறுவனம் 2008 இலேயே மறுத்துவிட்டது, கதையோ ஓயவில்லை. அதன் விளைவாக யுனெஸ்கோ என்ற பெயரே ஒரு நகைச்சுவையாகி, அம்மாவின் பழஞ்சோற்றை உலகின் சிறந்த உணவென அது அறிவித்ததாகவெல்லாம் பிள்ளைகள் படம் செய்கின்றனர். நன்று, சிரிக்கலாம். நாமும் சிரித்தோம்.

ஆனால் அந்தப் பெரியப்பா யார்? ஐம்பது வயதிற்குப் பின் பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கைத்தொலைபேசியிலே முதன்முதலாக எழுத்துக்கூட்டித் தேடக் கற்றவர். வாழ்நாள் முழுதும் அச்சேறியதை நம்பும்படி எம்போன்ற ஆசிரியர்களாற் பழக்கப்பட்டவர். புத்தகத்தில் உள்ளதைக் கேள்வியின்றி ஒப்புவித்தவனுக்குப் பரிசும், ஏன் என்று கேட்டவனுக்குப் பிரம்பும் கொடுத்த பள்ளிக்கூடத்தின் விளைச்சல் அவர். அவரைக் கேலி செய்யும் உரிமை யாருக்கு இருப்பினும் ஆசிரியர் சமூகத்திற்கு இல்லை. மேலும், 2016 நவம்பரில் இந்தியாவில் வெளியான 2,000 ரூபா நோட்டினுள் செய்மதியோடு பேசும் நுண்கருவி புதைந்துள்ளது என்ற கதையை மெய்ச்செய்தி போல ஒலிபரப்பியவை சில தொலைக்காட்சி நிலையங்கள். கழுத்துப்பட்டி அணிந்த அறிவிப்பாளர் பேசியதைப் பெரியப்பா அனுப்பினார். கேலிப்படத்திற் சிக்கியவர் பெரியப்பா. அறிவிப்பாளர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டார்.

இது ஏதோ குடும்ப வேடிக்கையாக முடிந்துவிட்டால் நாம் இக்கட்டுரையை எழுதியிரோம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையிலே நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரையை முஸ்லிம் கடைக்காரர் உணவிற் கலக்கின்றனர் என்ற கதை ஏற்கெனவே இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இறைச்சிக் கறியினுள் ஒரு கட்டியைக் கண்ட வாடிக்கையாளர் அதுபற்றிச் சத்தமிட்டார், கூட்டம் சூழ்ந்தது. காசுமேசையில் இருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் அரைகுறை. மாத்திரை போட்டாயா என்று அவரை நெருக்கினர். கேள்வி முழுவதும் விளங்காத அச்சத்தில், போட்டோம் என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தட்டுத்தடுமாறிக் கூறினார். அது ஒளிப்படக் கருவியிற் பதிவாகியது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அக்கட்டி வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் அத்தகைய மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை. ஆயினும் “அவனே ஒப்புக்கொண்டான்” என்ற அந்த ஒளிப்படம் நாடெங்கும் ஓடியது. மார்ச்சு முதல்வாரத்தில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன.

தருக்கநூல் முறையில் நோக்கின் இது மிக எளிய ஏதுப் போலி. விளங்காத மொழியிற் கேட்கப்பட்ட கேள்விக்கு, அடிக்கப்படுவோம் என்ற பயத்தில் வந்த விடை எதற்கும் ஏதுவாகாது. இந்நாட்டிலே தமிழ் பேசும் எவருக்கும் இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தின் கீழ்க் கையெழுத்திட்டுச் சிறையில் வாடியவர்கள் எங்கள் ஊர்களில் உள்ளனர். எனினும் இப்போலியை எள்ளி ஒரு படம், சிங்களத்திலோ தமிழிலோ, அந்த வாரத்தில் எம் கண்ணிற் படவில்லை. மாஜரினுக்கும் மணமுறிவிற்கும் முடிச்சுப் போடலாம் என்று சிரிக்கத் தெரிந்த தலைமுறை, மாவுக்கட்டிக்கும் இன அழிவிற்கும் முடிச்சுப் போடப்பட்டபோது வாய்மூடி இருந்தது. நாமும் இருந்தோம். தமிழர்களிற் சிலர், “இது அவர்களுடைய பிரச்சினை” என்று மெல்லக் கூறியதையும் நாம் கேட்டோம். அதனை மறைத்து எழுதுவது நேர்மையன்று.

சிரிப்பிற்கும் வெறுப்பிற்கும் சந்தை ஒன்றே என்பதையும் விமர்சகர் மறத்தலாகாது. எந்தப் படம் அதிகம் பார்க்கப்படுகின்றதோ அதனருகே விளம்பரம் விற்கப்படும். மாத்திரைக் கதையும் அதனை மறுக்கும் கேலியும் அந்நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் வரவு வைக்கப்படுகின்றன. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்பைப் படித்து நீக்குவதற்குப் போதிய ஆட்களைக்கூட பேஸ்புக் நிறுவனம் அக்காலத்தில் வைத்திருக்கவில்லை. 2018 ஆம் ஆண்டு நிகழ்வுகளிலே தனது தளத்திற்கு இருந்த பங்கிற்காக அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். பேதைமையைக் கேலி செய்யும் ஆயிரம் படங்களுக்கு நடுவே இந்த வியாபாரத்தைக் கேலி செய்யும் பத்துப் படங்களைத் தேடிப் பார்த்தோம். அவையும் அந்நிறுவனத்தின் தளத்திலேயே கிடைத்தன என்பது வேறு விடயம்.

2019 மே மாதம் எமது சிந்தனைக்கு உரியது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னர், மே 12 இல், சிலாபத்து முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் எழுதிய ஒரு வரி, அதிகம் சிரிக்காதீர், ஒருநாள் அழுவீர் என்னும் பொருள்பட்டது. தம்மை ஏளனம் செய்தவரை நோக்கிய சலிப்பென அதனைக் கொள்ளலாம். வரப்போகும் தாக்குதலுக்கு முன்னறிவிப்பு எனக் கூட்டம் கொண்டது. அன்று தொடங்கிய வன்முறை வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் பரவி ஒருவரின் உயிரைக் குடித்தது. அதே மாதம் 29 இல், தமிழ்நாட்டு இளைஞர்கள் 2001 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் வடிவேலு நடித்த நேசமணி என்ற பாத்திரத்தின் தலையிற் சுத்தியல் விழுந்ததை இன்று நிகழ்ந்த செய்தியாக்கி, அவருக்காகப் பிரார்த்திப்போம் என்று உலகெங்கும் பரப்பினர். மருத்துவ அறிக்கைகளும் தலைவர்களின் அனுதாபங்களும் கற்பனையாகக் குவிந்தன. தமிழறியாதவர் சிலர் யார் இந்த நேசமணி எனக் கவலையுடன் வினவினர். பலர் பகிர்வதே ஒன்றைச் செய்தியாக்கிவிடுகின்றது என்ற உண்மையை இதனினும் அழகாக எவரும் நிரூபித்ததில்லை. எவரையும் இழிவுபடுத்தாத எள்ளல் அது. எமது மாணவர்களும் அன்று முழுவதும் அதில் மூழ்கியிருந்தனர். இரண்டு வாரங்களுக்கு முன் அதே பொறிமுறை சிலாபத்திற் செய்ததைப் பற்றி அவர்கள் எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. நாமும் அவர்களிடம் எதுவும் பேசவில்லை.

பிழையான நியாயம் படியாதவரின் சொத்து என்று இன்னும் எண்ணுவோருக்கு 2020 ஆம் ஆண்டை நினைவூட்டல் வேண்டும். கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடலைப் புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று கூறி, எரிப்பதை அவ்வாண்டு ஏப்பிரலில் அரசாங்கம் கட்டாயமாக்கியது. புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. அதனை மறுத்துப் பேசியோர் பட்டங்கள் தாங்கிய நிபுணர்கள். 2021 பெப்ரவரியில் அக்கட்டளை நீக்கப்பட்டது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இடைப்பட்ட காலத்தில் எரிக்கப்பட்டோருள் பிறந்து 20 நாட்களே ஆன முஸ்லிம் குழந்தையும் ஒன்று. இங்கே வட்ஸ்அப் பல்கலைக்கழகத்திற்கு வேலையில்லை. மெய்யான பல்கலைக்கழகங்களே முன்வந்து நின்றன. இக்காலத்தில் நாடெங்கும் பரவிய படம் கேலிப்படமுமன்று. பொரளை மயானத்து வேலியிற் பல இனத்தவரும் கட்டிச் சென்ற வெண்துணித் துண்டுகளின் படமே அது. எள்ளலால் இயலாத ஓரிடத்தை அத்துணிகள் நிரப்பின.

அதே டிசெம்பரில் கேகாலையிலே, காளி அருளியதாகச் சொல்லப்பட்ட தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அதுபற்றி வெளியான கேலிப்படங்களை அன்று நாம் சேர்த்து வைத்தோம். பெரும்பாலானவை வரிசையில் நின்ற கிராமத்தவரைச் செம்மறிகளாகக் காட்டின. வைத்தியசாலையில் இடமில்லை, வேலைக்குப் போக வழியில்லை, தடுப்பூசி எப்போது வரும் என்று எவரும் சொல்லவில்லை; அந்நிலையில் ஒரு போத்தல் பாணிக்காக நின்றவன் செம்மறியா? சில படங்கள் மட்டும், பத்திரிகையாளர் முன்னிலையில் அப்பாணியைக் குடித்த சுகாதார அமைச்சரையும், 2021 சனவரியில் அவருக்கே தொற்று ஏற்பட்டதையும் அருகருகே வைத்தன. மேலதிகமாக ஒரு சொல்லும் இல்லை. இரண்டு ஒளிப்படங்களும் இரண்டு திகதிகளும் மட்டுமே. இவ்விரு வகையினையும் ஒரே தட்டில் வைத்து “நகைச்சுவை” என்று பெயரிடுவது விமர்சனமாகாது.

அண்மையில் எமது உயர்தர வகுப்பில் அம்பாறை நிகழ்வை விரிவாகக் கூறி, அதிலுள்ள போலியை ஒரு படத்தாற் காட்டுமாறு கேட்டோம். முன்பு கரும்பலகையில் விமானம் வரைந்த மாணவனின் தம்பி இப்போது அவ்வகுப்பில் இருக்கின்றான். அவன் மறுநாள் கொண்டுவந்த தாளில் ஒரு காசுமேசை. அதன் பின்னே ஒரு மனிதன். அவன் முன்னே புரியாத எழுத்துக்களாலான ஒரு கேள்வி. விடைக்கு இரண்டு பெட்டிகள். இரண்டிலும் “ஓம்” என்றே எழுதியிருந்தது. படம் எமக்குப் பிடித்தது. ஆனால் மேசையைச் சூழ்ந்த கூட்டத்தை அவன் பல்லிளிக்கும் கழுதைகளாக வரைந்திருந்தான். கழுதைகளை அழித்துவிட்டு மனிதரை வரையும்படியும், கூட்டத்தினுள் ஒளிப்படக் கருவியை உயர்த்திப் பிடித்திருந்தவனையும் தவறாமற் சேர்க்கும்படியும் கூறினோம். மனித முகம் வரைவது கடினம், சேர், என்றான். இரண்டு கிழமை ஆகின்றது. திருத்திய படம் இன்னும் எமது கைக்கு வந்து சேரவில்லை.